படகில் வேலைக்குப் போகிறவர்: ஒருவர்

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிவுகள் அச்சாகி வெளிவந்த மறுநாள் காலை எட்டரை மணிக்கு, ஆறே இல்லாத அந்த ஊரில், கணக்காளர் வீட்டு வாசலுக்கு ஓர் ஆறு வந்தது. பெரிய ஆறு என்று சொல்ல முடியாது. இரண்டு சைக்கிள்கள் எதிரெதிரே போகிற அகலம், முழங்காலளவு ஆழம். தெருமுனையில் திரும்பி, மின்கம்பத்தைச் சுற்றிக்கொண்டு, வேறு யார் வாசலையும் தொந்தரவு செய்யாமல் நேராக அவருடைய படியில் வந்து நின்றது. கூடவே ஒரு படகும் வந்தது. துடுப்பு இருந்தது, ஓட்ட ஆள் இல்லை. பால் வாங்கப் போனவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தாண்டிப் போனார்கள்.

ஆறு வீடு மாறி வந்துவிடவில்லை. கணக்காளர் வேலை பார்த்த பெயிண்ட் கம்பெனியை அதற்கு முந்தைய வருஷமே இழுத்து மூடிவிட்டார்கள். இதை அவர் மனைவியிடம் சொல்லவில்லை. முதல் நாள் சொல்ல வாய் வரவில்லை. இரண்டாம் நாள், முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாளே என்று பயம். அதற்கப்புறம் அந்தப் பயமே ஓர் உத்தியோகமாகிவிட்டது. தினமும் தேய்த்த சட்டையோடும் மனைவி கட்டிக்கொடுத்த டிபன் பாக்ஸோடும் கிளம்பிப் போய், பூங்கா பெஞ்சில் மாலை வரை உட்கார்ந்திருந்து, அங்கேயே குழாயடியில் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு, அலுத்துக்கொண்டே வீடு திரும்புவார். கம்பெனி கணக்கு முடித்துக் கொடுத்த தொகையிலிருந்து மாதம் பிறந்ததும் கொஞ்சம் எடுத்துச் சம்பளம் என்று நீட்டுவார். வேலை இருந்த காலத்தில்கூட அவர் இவ்வளவு ஒழுங்காக வேலைக்குப் போனதில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் கணக்கெடுப்பு வந்தது. எடுக்க வந்தவர் எதிர்வீட்டு டீச்சர். சொன்னதை எழுது, எதிர்க்கேள்வி கேட்காதே என்பதுதான் அவருக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த ஒரே விதி. மனைவி கூடத்தில் தையல் மெஷினில் உட்கார்ந்து பள்ளிச் சீருடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். மனைவி என்ன செய்கிறார் என்ற கேள்விக்கு அந்தத் தெருவின் மற்ற ஆண்கள் எல்லாரும், "சும்மாதான் இருக்கா" என்று சொல்லியிருந்தார்கள். கணக்காளர் மட்டும், "தையல். வீட்ல இருந்தே. ரொம்ப நல்லா தைப்பா" என்றார். ரொம்ப நல்லா என்பதை எழுதப் படிவத்தில் இடமில்லை.

தன்னுடைய முறை வந்தபோது மனிதர் மளமளவென்று அளந்துவிட்டார். வேலை உண்டு. பட்டப்படிப்பு முடித்தாகிவிட்டது, ஒரு தாள் இன்னும் பாக்கி இருப்பதை யார் கேட்டார்கள்? "வேலைக்கு எதுல போறீங்க சார்?" என்று டீச்சர் கேட்டதும்தான் மாட்டிக்கொண்டார். பேருந்து என்று சொல்ல முடியாது. அதே பேருந்தில்தான் டீச்சரும் போகிறார், ஒரு நாளும் இவரைப் பார்த்ததில்லை. சைக்கிள் என்று சொல்ல முடியாது. அது டீச்சருக்குப் பின்னால் காற்றிறங்கி நின்றது, ஹேண்டில்பாரில் துண்டு காய்ந்தது. நடை என்றால், கம்பெனி ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறது, செருப்போ தேயவே இல்லை. டீச்சர் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். கணக்காளரின் கண் படிவத்தின் கடைசிக் கட்டத்தில் போய் விழுந்தது. "படகுல" என்றார்.

தையல் மெஷின் ஒரு நொடி நின்று மறுபடி ஓடியது. டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். விதி ஞாபகம் வந்தது. குறித்துக்கொண்டு போய்விட்டார்.

பொய் சொல்வதிலும் ஒரு சாமர்த்தியம் வேண்டும். வேலையில் இருப்பவர்கள், பட்டம் பெற்றவர்கள் என்ற வரிகளில் ஆயிரக்கணக்கான பேர் இருந்தார்கள்; அங்கே கணக்காளர் கூட்டத்தோடு கூட்டமாகக் கரைந்துபோனார். படகு என்ற வரியில் ஒருவர் என்றுதான் அச்சாகியிருந்தது. அங்கே ஒளிய இடமில்லை. நகராட்சிப் பொறியாளர் வந்தார், டேப் பிடித்து ஆற்றை அளந்தார், கணக்கெடுப்புப் புத்தகத்தைப் புரட்டினார், "கணக்கோட சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மனைவி வாசலில் நின்று டிபன் பாக்ஸை நீட்டினாள். "என்னங்க, படகு வந்து நிக்குது. நேரமாகலையா?" தேள் கொட்டிய திருடன் கத்தவா முடியும்? கணக்காளர் ஏறி உட்கார்ந்து துடுப்பைப் போட்டார். ஆறு அவரைக் கடைத்தெரு வழியாக ஊரின் அந்தக் கோடிக்குக் கொண்டுபோய், பூட்டிக் கிடந்த பெயிண்ட் கம்பெனி வாசலில் இறக்கிவிட்டு, மாலை வரை அங்கேயே காத்துக் கிடந்து திருப்பிக் கொண்டுவந்தது. அவர் இறங்கியதும் வற்றியது. மறுநாள் எட்டரைக்கு மறுபடி வந்தது. வேலையை விட்டுத் தப்பிக்க ஆயிரம் வழி உண்டு. இல்லாத வேலையிலிருந்து தப்பிக்க அவருக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

பேருந்து வராத ஒரு காலையில், நிறுத்தத்தில் நின்றிருந்த டீச்சர், "சார், ஸ்கூல் வரைக்கும் வரலாமா?" என்றார். அடுத்த நாள் வங்கி ஊழியர் இருவர் ஏறினார்கள். அப்புறம் மருத்துவமனை நர்ஸுகள், காவலாளி, கோப்புகளை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வக்கீல். அவரவர் கொடுத்த காசைக் கணக்காளர் வாங்கிக்கொண்டார். இதற்குள் கம்பெனித் தொகை சுத்தமாகத் தீர்ந்திருந்தது. அந்த மாதம் அவர் நீட்டிய சம்பளம் சில்லறையும் ஈரமுமாக இருந்தது. மனைவி நோட்டுகளைத் துணிக்கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தாள்.

ஒரு நாள் தைத்த சீருடை மூட்டையோடு அவளே வந்து படகில் ஏறினாள். "உங்க கம்பெனி வாசல்ல இறக்கி விடுங்க. ரொம்ப நாளா பாக்கணும்னு ஆசை." கணக்காளர் ஒரு பக்கமே துடுப்புப் போட்டதில் படகு நின்ற இடத்திலேயே சுற்றியது. மூன்றாவது சுற்றில் அவர் சொல்லிவிட்டார்.

"கம்பெனி இல்ல. மூடிட்டாங்க."

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"டிபன் பாக்ஸைக் கழுவிக் கொண்டாந்தீங்களே, அன்னைக்கே. அத்தனை வருஷத்துல ஒரு நாளாவது கழுவியிருப்பீங்களா?"

"ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன். நீங்க படகுன்னு சொன்னீங்க."

கணக்காளருக்கு அழுகை வந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. துடுப்பை வாங்கி அவளே கொஞ்சம் போட்டாள், படகு நேரானது.

அதற்கப்புறம் ஒளிவுமறைவு கிடையாது. பத்து வருஷம் போனது, தெரியவில்லை. அடுத்த கணக்கெடுப்புக்கும் அதே டீச்சர்தான் வந்தார், மூக்குக்கண்ணாடி மட்டும் புதிது. வேலை என்ன என்றதற்குப் படகோட்டி என்றார் கணக்காளர். படிப்பில் ஒரு தாள் பாக்கி என்றார். வேலைக்கு எதில் போகிறீர்கள் என்றபோது டீச்சரின் பேனா நின்றது. படகு வாசலுக்கே வருகிறது, ஏறி உட்கார்ந்தாலே வேலை ஆரம்பம். உள்ளதைச் சொன்னால், வீட்டிலிருந்தே வேலை. அப்படி எழுதினால் படகு என்ற வரியில் பூஜ்யம் விழும். பூஜ்யம் அச்சானால் மறுநாள் எட்டரைக்கு என்ன ஆகும் என்று அவருக்கும் டீச்சருக்கும் கூடத்தில் தைத்துக்கொண்டிருந்த மனைவிக்கும் தெரியும். ஒரு சின்னப் பொய் போதும். கணக்காளர் வாசலில் கிடந்த படகை ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

"வீட்ல இருந்தேன்னு எழுதுங்க டீச்சர்," என்றார்.

தையல் மெஷின் நின்றது. "எனக்கும் எழுதணும்ல? கடைத்தெருவுல தையல் கடை போட்டு நாலு வருஷமாச்சு. மிச்சத்தைத்தான் இங்க தைக்கிறேன். தினமும் கடைக்குப் படகுலதான் போறேன்."

டீச்சர் குறித்துக்கொண்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு, தன் வீட்டுப் படிவத்தையும் எடுத்து அதே கட்டத்தில் ஒரு டிக் போட்டார். அவரும் பொய் சொல்லவில்லை. நர்ஸுகளும் வங்கிக்காரர்களும் வக்கீலும் அவரவர் வீட்டில் உண்மையைத்தான் சொன்னார்கள்.

முடிவுகள் அச்சாகி வந்த மறுநாள் ஆறு முன்பைவிட அகலமாக வந்தது. தெருமுனை வீட்டுக்காரர் மட்டும், தன் முதல் படி நனைகிறது என்று நகராட்சியில் ஒரு மனு கொடுத்தார். பொறியாளர் வந்து பார்த்து, படியை ஒரு சாண் உயர்த்திக் கட்டச் சொன்னார்.