கீழ் இடது மூலை

லாரியிலிருந்து இறக்கிய மரப்பெட்டிகளைத் திறந்ததும் ஓவியங்களை முதலில் பார்ப்பது கார்குழலியின் வேலை. டெல்லியில் இருக்கும் தேசியக் கலைத்தொகுப்பிலிருந்து நாற்பத்திரண்டு ஓவியங்களை எடுத்து, அங்கே போய்ப் பார்க்க வழியில்லாத மக்களுக்காக ஊர் ஊராகக் கொண்டுபோகும் கண்காட்சி அது. புதுச்சேரியில் மூன்று வாரம். ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தவளை அந்த மூன்று வாரத்துக்கு ஒப்பந்தத்தில் எடுத்திருந்தார்கள்.

ஒவ்வொரு ஓவியத்தின் மீதும் டார்ச் அடித்து, கீறல், பூஞ்சை, உதிர்வு என்று கண்ணில் பட்டதையெல்லாம் நிலை அறிக்கையில் எழுதினாள். பதினேழாம் ஓவியத்துக்கு அவள் எழுதியது இவ்வளவுதான்: “கீழ் இடது மூலையில், நீலப் பகுதியில், சுண்டுவிரல் நக அளவுக்கு வண்ணம் உதிர்ந்துள்ளது. பெட்டியின் உள்ளே ஈரம்.” அவள் கையெழுத்துக்குக் கீழே, டெல்லியிலிருந்து ஓவியங்களோடு வந்த அதிகாரி விஜயராகவன் கையெழுத்திட்டார். போனில் பேசிக்கொண்டே நாற்பத்திரண்டு தாள்களிலும் போட்டு முடித்தார்.

கண்காட்சி தொடங்கிய நான்காம் நாள், தவளக்குப்பத்துக்குக் கிழக்கே உள்ள மீனவர் ஊரிலிருந்து முப்பது பெண்கள் வந்தார்கள். நான்கு ஊர் மக்களை அழைத்துவர பஸ் ஏற்பாடாகியிருந்தது. அது முதல் பஸ். காலை வியாபாரத்தை முடித்து, குளித்து, பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் குரலைத் தாழ்த்திப் பேசியவர்கள் பதினேழாம் ஓவியத்தின் முன்னால் வந்ததும் அதை மறந்துவிட்டார்கள். கரையில் ஏற்றிவைத்த கட்டுமரங்கள், பக்கத்தில் மீன் கூறுபோடும் பெண்கள். எழுபது வருடத்துக்கு முன் யாரோ வரைந்தது.

“எல்லாரும் குனிஞ்சே கெடக்கறாங்க பாரு,” என்றாள் அஞ்சம்மாள். ஐம்பது வயதிருக்கும். மார்க்கெட்டில் பழகிய குரல். “கூவறவ ஒருத்தியும் இல்ல. கூவாம எவ மீன் விப்பா? வரஞ்ச ஆளு மீன் வாங்கித் தின்னவன்தான், வித்தவன் இல்ல.”

பெண்கள் சிரித்தார்கள். அஞ்சம்மாளின் விரல் ஓவியத்தைச் சுட்டியது. ஆனால் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டை ஒருத்தியும் தாண்டவில்லை. கார்குழலி பக்கத்திலேயே நின்று அவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நாளிதழ் நிருபர் பிரேம்குமார் படம் எடுத்தார்.

மறுநாள் அந்தப் படம் பெரிதாக வந்தது. ஓவியத்தின் மூலையில் வண்ணம் உதிர்ந்திருந்த வெள்ளைப் புள்ளியும் பளிச்சென்று தெரிந்தது. பதினொரு மணிக்கு டெல்லியிலிருந்து போன் வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு பேசி முடித்த விஜயராகவன், மதியம் கார்குழலியைக் கூப்பிட்டார்.

“பதினேழாம் ஷீட்டை மாத்தி எழுதணும். வரும்போது நல்லா இருந்ததுன்னு போடுங்க. நேத்து வில்லேஜ் குரூப் வந்தப்போ டேமேஜ் ஆயிருக்கு.”

“அவங்க யாரும் தொடல சார். நான் பக்கத்துலயே நின்னேன்.”

“முப்பது பேர் கையையும் பாத்துக்கிட்டே இருந்தீங்களா? பெட்டி நனைஞ்சதுன்னு டெல்லிக்கு ரிப்போர்ட் போனா என் தலைதான் உருளும். அவங்களுக்கு என்ன ஆகப்போகுது? யார் பேரையும் எழுதப்போறதில்லையே.”

“நாளைக்கு எழுதித் தரேன் சார்,” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவர்மேல் எவ்வளவு கோபம், தன்மேல் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அவள் எழுதித் தரும்வரை அவர் காத்திருக்கவில்லை. அவர் நிருபரிடம் சொன்னது மறுநாள் காலை நாளிதழில் வந்துவிட்டது: “மீனவப் பெண்கள் தொட்டதில் அரிய ஓவியம் சேதம்.” மற்ற மூன்று ஊர்களுக்கும் பஸ் ரத்து. வாசலில் “குழுக்களுக்கு அனுமதி இல்லை” என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது.

பத்து மணிக்கு அஞ்சம்மாள் வந்தாள். வாட்ச்மேன் தடுப்பதைப் பார்த்து கார்குழலி வெளியே ஓடினாள்.

“உன்னத்தான் பாக்க வந்தேன்,” என்றாள் அஞ்சம்மாள். “நான் தொட்டனா?”

“இல்லக்கா.”

“எங்கூர்க்காரி எவளாவது தொட்டாளா?”

“இல்ல.”

“இன்னிக்கு மீன் வாங்க வந்த டீச்சரம்மா, கைய வச்சுக்கினு சும்மா இருக்க மாட்டீங்களான்னு கேக்கறா. இருவது வருசமா எங்கிட்ட வாங்கறவ. நாங்க தொடலன்னு உள்ள இருக்கற ஆளுகிட்ட சொன்னியா?”

“சொன்னேன்.”

“சொல்லிட்டு?”

கார்குழலி தலையைக் குனிந்துகொண்டாள்.

“சொல்லிட்டுக் கம்முனு இருந்துட்ட.”

அஞ்சம்மாள் குரலை உயர்த்தவில்லை. கார்குழலி விடுவிடுவென்று உள்ளே போய், கோப்பிலிருந்து பதினேழாம் தாளை உருவிக்கொண்டு வந்தாள்.

“வாங்கக்கா.”

“குரூப்ப விடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க மேடம்,” என்றார் வாட்ச்மேன்.

“இவங்க ஒருத்தர்தான்.”

ஓவியத்தின் முன்னால் கல்லூரி மாணவிகள் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் நடுவில் நின்று, கார்குழலி அந்தத் தாளைச் சத்தமாகப் படித்தாள். மூலை, நீலம், நக அளவு, ஈரம். பிறகு தேதி. சத்தம் கேட்டு விஜயராகவன் வந்துவிட்டார்.

“அது ஆபீஸ் பேப்பர். கொடுங்க.”

“கீழ இருக்கறது உங்க கையெழுத்துதானே சார்? இவங்க வர்றதுக்கு அஞ்சு நாள் முன்னாடி போட்டது.”

“உள்ள வாங்க, பேசலாம்.”

“நேத்து உள்ளதான் பேசினோம்.” அவள் தாளைக் கொடுக்கவில்லை. “இத எதுக்கு ஊர் ஊரா எடுத்துக்கிட்டு வரீங்க? இவங்க பாக்கணும்னுதானே? வந்து பாத்தா பழிய அவங்க தலைல போடறீங்க. பெட்டி நனைஞ்சதுக்கு இவங்க கைதான் கெடச்சுதா உங்களுக்கு?”

ஒரு மாணவி தாளைப் போனில் படம் எடுத்தாள். மாலைக்குள் அது பல பேர் கைக்குப் போய்விட்டது. மறுநாள் நாளிதழ் ஏழாம் பக்கத்தில் நான்கு வரி வருத்தம் போட்டது. கார்குழலிக்கு இனி வரவேண்டாம் என்று ஒரு வரிச் செய்தி வந்தது. பதினேழாம் ஓவியத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டார்கள்.

அந்த நான்கு வரி அஞ்சம்மாளுக்குப் போதவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளும் ஊர்ப் பெண்களும் டவுன் பஸ் பிடித்து வந்தார்கள். பஸ் ரத்தான ஊர்களிலிருந்தும் பெண்கள் வந்திருந்தார்கள், மொத்தம் அறுபது பேர். குழுவாக வந்தால்தானே தடுப்பார்கள், ஒவ்வொருத்தியாக வரிசையில் நின்று நுழைந்தார்கள். கார்குழலியும் அந்த வரிசையில் நின்றாள். உள்ளே போனதும் வெறும் சுவருக்கு முன்னால் அறுபது பெண்களும் உட்கார்ந்துவிட்டார்கள்.

“ரிப்பேருக்கு எடுத்து வச்சிருக்கோம்மா,” என்றார் விஜயராகவன்.

“எங்க கையால கெட்டுதுன்னு பேப்பர்ல போட்ட இல்ல, அத நாங்க பாக்கணும்,” என்றாள் அஞ்சம்மாள். “கொண்டாந்து மாட்டு. எப்படிக் கெட்டுதுன்னு எழுதிப் பக்கத்துல ஒட்டு. அதுவரைக்கும் எழுந்திருக்க மாட்டோம்.”

அவர் டெல்லிக்குப் போன் போட்டார். போலீசுக்குப் போடப் போவதாகச் சொன்னார். யாரும் அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. ஒன்றரை மணி நேரம் கழித்து ஓவியம் சுவருக்கு வந்தது. பக்கத்தில் அவரே எழுதி ஒட்டிய தாள்: “பயணத்தின்போது ஈரத்தால் ஏற்பட்ட சேதம்.” பெண்கள் எழுந்து, வேண்டுமட்டும் நின்று பார்த்தார்கள். படம் அப்படி ஒன்றும் பிரமாதமில்லை என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள்.

பஸ் நிறுத்தத்தில் கார்குழலி அஞ்சம்மாளின் பக்கத்தில் போய் நின்றாள்.

“உன் வேலை போச்சாமே,” என்றாள் அஞ்சம்மாள்.

“பரவால்லக்கா.”

“நீ படிச்சுக் காட்டுன, நல்லதுதான். ஆனா ஒரு நாள் கழிச்சுப் படிச்ச. அந்த ஒரு நாள்ல ஊரே எங்களப் பத்திப் பேசிடுச்சு. அந்த டீச்சரம்மா இப்ப வேற கடைக்குப் போறா.”

பஸ் வந்தது. அஞ்சம்மாள் திரும்பிப் பார்க்காமல் ஏறினாள்.

திங்கட்கிழமை கார்குழலி டெல்லிக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பினாள். தன் வேலையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. மூன்று ஊர்களின் பெயரையும் எழுதி, நிறுத்திய பஸ்ஸை விடவேண்டும் என்று கேட்டிருந்தாள். கண்காட்சி முடிந்து லாரி அடுத்த ஊருக்குப் போனது. பதில் வரவில்லை. அவள் மறுபடியும் எழுதினாள்.