மாளிகையைச் சுற்றி நின்ற தண்ணீர்

1978 செப்டம்பரில் யமுனையிலிருந்து வந்த வெள்ளம் பத்து நாளில் தில்லி முழுக்க வடிந்துவிட்டது. ராமசுப்ரமணியனின் மாளிகையைச் சுற்றி மட்டும் வடியவில்லை. ஐம்பது கஜம் தள்ளி எருமைகள் காய்ந்த புல் மேய்ந்தன, இந்தப் பக்கம் இரண்டு ஆள் ஆழம். யாரோ ஒரு நவாப் மேடை போட்டுக் கட்டிய அந்தப் பழைய வீட்டை, அரசாங்கத்தில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு அவர் சல்லிசாக வாங்கியிருந்தார். வெள்ளத்தின் மூன்றாம் நாள் அவரும் மனைவி ராஜலக்ஷ்மியும் ராணுவப் படகில் வீடு திரும்பினார்கள். அதன்பின் அவர்களால் வெளியே வர முடியவில்லை. பால்காரனும் தபால்காரரும் படகில் போய் வந்தார்கள். இவர்கள் இருவரில் ஒருவர் ஏறினால் மட்டும் படகு பாதி வழியில் திரும்பி, சமர்த்தாக வாசற்படியில் வந்து நின்றது. பொறியாளர்கள் மூன்று முறை அளந்து பார்த்து, ஊற்று என்று கோப்பில் எழுதிவிட்டுப் போனார்கள்.

தமிழ்க் கூலிக்காரர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பில் பொன்னிக்கு அப்போது பதினாறு வயது. அவள் அம்மா வீராயி அந்த வீட்டில்தான் பாத்திரம் தேய்த்தாள். வெள்ளத்தன்று வேலைக்குப் போனவள் திரும்பவில்லை. “வெள்ளிக் குடத்தைத் தூக்கிண்டு ஓடிட்டா” என்று ராஜலக்ஷ்மி சொன்னது பால்காரன் வாய்வழியாகக் கேம்ப்புக்கு வந்து சேர்ந்தது. பிறகு பொன்னிக்கு எந்த வீட்டிலும் வேலை இல்லை. குழாயடியில் அவள் குடத்தை ஒதுக்கி வைத்தார்கள். திருடி மகள் என்று பேராயிற்று. தில்லியில் வளர்ந்த பெண், தமிழில் தன் பெயரைக்கூட எழுத வராது. வன்மம் வைக்க எழுத்து எதற்கு? அம்மா எங்கே என்று தெரிந்தாக வேண்டும், அவளைத் திருடி என்ற வாயாலேயே இல்லை என்று சொல்ல வைக்க வேண்டும். அந்த நினைப்பில்தான் சாப்பிட்டாள், தூங்கினாள்.

தண்ணீருக்கு நடுவே வேலை செய்ய ஆள் தங்கவில்லை. பொன்னி லாரி ட்யூபில் மிதந்து போய், பேர் செல்வி என்று சொல்லிச் சேர்ந்தாள். வீராயிக்குப் பிள்ளைகள் உண்டா என்று, அவள் வேலை செய்த ஏழு வருடத்தில் ராஜலக்ஷ்மி ஒரு தடவைகூடக் கேட்டதில்லை, அதனால் சந்தேகமே வரவில்லை. பொன்னி தேடாத மூலை இல்லை. அம்மாவின் தட்டு, லோட்டா, மாற்றுச் சேலை எதுவும் இல்லை. கீழறைக்குப் போகும் வாசலைப் புதுச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். கேட்டால், “ஈரம் ஏறறது” என்றார் ராமசுப்ரமணியன். சேர்ந்த ஐந்தாம் மாதம், வெள்ளத்தில் உப்பி இறுகிப்போன பின்கதவை இடித்துத் திறந்தாள். அங்கே ஜன்னல் கம்பியில் அம்மாவின் நீலவார் ஹவாய் செருப்பு தொங்கியது. நாய் கவ்விக்கொண்டு போகும் என்று அதை அங்கே மாட்டிவிட்டுத்தான் வீராயி தினமும் உள்ளே நுழைவாள். தட்டை ஒளித்தவர்களுக்குச் செருப்பு தெரியவில்லை. வேலைக்காரி புழங்கும் வாசலை அவர்கள் எட்டிப் பார்த்தால்தானே! ஓடிப்போகிறவள் வெறுங்காலோடா ஓடுவாள்? அம்மா இந்த வீட்டை விட்டுப் போகவே இல்லை என்று பொன்னிக்குப் புரிந்துவிட்டது.

செருப்பைக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேசை மேல் வைத்தாள். “இது எங்கம்மாது. அவ எங்க?” ராமசுப்ரமணியன் எழுந்து உள்ளே போய்விட்டார். ராஜலக்ஷ்மிதான் சொன்னாள். வெளியே கிளம்பும்போதெல்லாம் வீராயியைப் பாத்திரக் குவியலோடு கீழறையில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வது அந்த வீட்டு வழக்கம். வெள்ளத்தன்று கரோல் பாக்கில் ஒரு கல்யாணம். திரும்பி வந்து பார்த்தால் அறையில் கூரைமட்டத்துக்குத் தண்ணீர். அவளை எடுக்காமலே வாசலை அடைத்துவிட்டார்கள்.

“பூட்டாம எப்படிடி போறது? ஆத்துல அத்தனை வெள்ளி இருக்கே. வெள்ளம் வரும்னு கண்டோமா?”

“அப்ப திருடின்னு எதுக்குச் சொன்னீங்க? மாடில நின்னு உண்மையக் கத்திச் சொல்லுங்க. ஜல்தி.”

“வீராயி திருடலை, நாங்கதான் பூட்டினோம்” என்று ராஜலக்ஷ்மி கத்தினாள். ஒரு மைல் தள்ளியிருந்த கேம்ப்பில் அது பக்கத்து வீட்டுப் பேச்சாகக் கேட்டது. குழாயடியில் பெண்கள் குடத்தை இறக்கிவிட்டு மாளிகைப் பக்கம் திரும்பினார்கள். தண்ணீர் ஒரு விரல்கடை இறங்கியது. போலீஸ் வந்து, வடிந்ததும் விசாரிக்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனது. வழி தெரிந்துகொண்ட ராஜலக்ஷ்மி தினமும் காலையில் கத்தினாள், தினமும் ஒரு விரல்கடை இறங்கியது. பொன்னி வேலையை விட்டுவிட்டு, சாயங்காலம் தோறும் பாரபுல்லா நாலா என்ற சாக்கடைக் கால்வாயில் ஒரு குடம் மொண்டு வந்து அந்தக் கரையில் ஊற்றினாள். ஒரு குடத்துக்கு ஒரு விரல்கடை ஏறியது. 1983-இல் கேம்ப்புக்காரன் ஜம்புவைக் கட்டிக்கொண்டாள். நிறைமாதத்திலும் குடம் சுமந்தாள், பிரசவமான மாதம் ஜம்பு ஊற்றினான். 1986-இல் ராமசுப்ரமணியன் இறந்தார். படகு அவர் உடலையும் திருப்பிக் கொண்டுவந்துவிட்டதால் தோட்டத்திலேயே எரித்தார்கள். பொன்னி கரையில் நின்று புகையைப் பார்த்தாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

1988-இல் ராஜலக்ஷ்மியின் தொண்டை கட்டி, சத்தம் காற்றாகத்தான் வந்தது. அதற்கும் ஒரு விரல்கடை இறங்கியது. வீராயியோடு ஒரே லாரியில் தில்லிக்கு வந்த ஆராயி ஒரு நாள் பொன்னியின் குடத்தைப் பிடித்துக்கொண்டாள். “போதும் விடுடி. தண்ணி வடிஞ்சாத்தான உங்காத்தாள எடுக்க முடியும்? அவளுக்கு ஒரு கொள்ளி வைக்க வேணாமா?”

அம்மாவை எடுத்தால் ராஜலக்ஷ்மியையும் விட்டதாகும். அந்தம்மாவை வைத்திருந்தால் அம்மாவும் அந்த இருட்டில்தான் கிடக்க வேண்டும். இது ஆராயி சொல்லியா அவளுக்குத் தெரிய வேண்டும்? கரையிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அன்று ஊற்றவில்லை. மறுநாள் விட்டுப்போன நாளுக்கும் சேர்த்து இரண்டு குடம் மொண்டாள். இரண்டாவது குடத்தை ஆராயிதான் தூக்கிவிட்டாள்.