முதுகில் ஒரு கறுப்புப் புள்ளி

...அசையவில்லையே, அசைந்தாலாவது தட்டிவிடலாம், கடித்துப் பிடித்துக்கொண்ட உண்ணி அசையாது என்று எழுதியவரே அவர்தானே, பூங்கா வாசலில் ஆள் உயரப் பலகை, வெயில் காலம் வந்தாச்சு, உண்ணி ஜாக்கிரதை, கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகுங்கள், புல்லில் படுக்காதீர்கள், வீட்டுக்குப் போனதும் உடம்பு முழுக்கப் பாருங்கள்... எழுதிய பூங்கா மேற்பார்வையாளர் மட்டும் இன்று மத்தியானம் சட்டையைக் கழற்றிப்போட்டு அதே புல்லில் கால் மணி நேரம் மல்லாந்து கிடந்தார், யார் பார்க்கப்போகிறார்கள் என்று. இப்போது குளியலறையில் சுவர்க் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, கையில் சவரக் கண்ணாடியைப் பிடித்து, கழுத்து சுளுக்குகிற அளவுக்குத் திரும்பினால், இடது தோள்பட்டைக்குக் கீழே அந்தக் கறுப்புப் புள்ளி, மிளகு அளவு. காலையில் இருந்ததா? முதுகை யார் காலையில் பார்க்கிறார்கள்?

பிடுங்க வேண்டும், நசுக்காமல், நேராக, இடுக்கியால், அதுவும் பலகையில் இருக்கிறது. இடுக்கியோ மனைவி புருவம் திருத்துகிற பெட்டியில். மனைவியோடு பேச்சு நின்று நாலு நாள். எதனால்? இதே பாழாய்ப்போன உண்ணியால். "ஊருக்கெல்லாம் எழுதி வெக்கிறீங்க, நீங்க மட்டும் அரை டவுசரோட போறீங்களே" என்றாள், "உன் வேலையப் பாரு" என்று சொல்லித் தொலைத்தார், அன்றிலிருந்து மேஜைக்குச் சாப்பாடு வருகிறது, பேச்சு வருவதில்லை. இப்போது போய் நின்றால் மானம் கப்பலேறிவிடும். போகாவிட்டால் காய்ச்சல் வரும், பாவி மனிதன், அதையும் எழுதி வைத்திருக்கிறாரே, கடைசி வரியில் இன்னொன்றும், கண்ணுக்கு எட்டாத இடத்தை வீட்டில் இருப்பவரிடம் காட்டுங்கள்...

துண்டைப் போர்த்திக்கொண்டு கூடத்தில் போய் நின்றார். "கொஞ்சம்... முதுகப் பாரேன்." நாலு நாள் கழித்து வாயிலிருந்து உதிர்ந்த முத்து இதுதானா?

அவள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள், நகத்தால் ஒருமுறை சுரண்டினாள். "இது மச்சம். கல்யாணம் ஆன நாள்லேருந்து இங்கதான் இருக்கு." சிரிப்பை அடக்கக்கூடப் பார்க்கவில்லை. அப்பாடா, உயிர் வந்தது, மானம் போனது, போகட்டும், பேசிவிட்டாளே! நழுவப் பார்த்தவரை விடவில்லை. "நில்லுங்க. துணி காயப்போட நானும் புல்லுலதான் நின்னேன். எனக்கும் பாருங்க" என்று கூந்தலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்தாள்.

பின்கழுத்தில், முடி முடிகிற இடத்தில், ஒரு கறுப்புப் புள்ளி. அசையவில்லை. மச்சமா, உண்ணியா? இருபத்திரண்டு வருஷம் ஒரே வீடு, ஒரே கட்டில்... எப்போதாவது பார்த்திருக்கிறோமா? கேட்டால் தொலைந்தோம், கேட்காவிட்டால்...

"என்ன, ஏதாவது இருக்கா?" என்றாள்.