மூன்றாம் அணி பிறந்த கதை

எங்கள் ஹோல்ட்டன்பெக் விளையாட்டுச் சங்கத்துக்கு நூறு வயதானதற்குப் புத்தகம் போட்டார்கள். இருநூறு பக்கம். இப்படிப்பட்ட புத்தகத்தை ஜெர்மனியில் எந்த ஊரிலும் யாரும் படிப்பதில்லை. தன் படம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு அலமாரியில் செருகிவிடுவார்கள். நான் வரிவரியாகப் படித்ததற்குக் காரணம், எங்கள் படம் எங்குமே இல்லை.

ஆண்களின் முதல் அணி, இரண்டாம் அணி, மூன்றாம் அணி, தொப்பை போட்ட பழைய ஆட்டக்காரர்களின் அணி, எல்லாவற்றுக்கும் படம் உண்டு. புல் வெட்டும் இயந்திரத்துக்குக்கூட அரைப் பக்கம். ஐந்து வருடம் சேற்றில் உருண்டு கால்பந்து ஆடிய எங்கள் பெண்கள் அணிக்கு ஒரே வரி: "எழுபதுகளில் மகளிரும் சிறிது காலம் பந்தாடிப் பார்த்தனர், ஆர்வம் குன்றியதால் நின்றுபோனது." எழுதியவன் சங்கத் தலைவன் எக்ஹார்ட். ஆர்வம் குன்றியதாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அணி நின்றது ஒரு படிவத்தால். ஒவ்வொரு ஜூனிலும் மாவட்ட அலுவலகத்துக்குப் பதிவுப் படிவம் போக வேண்டும். 1979இல் அதை எங்கள் கோல்கீப்பர் ஆன்னெக்ரெட்டிடம் கொடுத்து, அப்போது செயலாளராக இருந்த எக்ஹார்டிடம் சேர்க்கச் சொன்னோம். தேதி முடிந்ததும் அவன் கையை விரித்தான். "என்கிட்ட எதுவும் வரலையே!"

"அவர் கையிலதாண்டி கொடுத்தேன்" என்று ஆன்னெக்ரெட் அழுதாள். நாங்கள் நம்பவில்லை. எல்லாரையும்விட அதிகம் கத்தியது நான்தான். அந்தச் சண்டையில் அணி சிதறியது. எதிர் வீட்டிலேயே இருக்கும் ஆன்னெக்ரெட்டோடு நாற்பத்தைந்து வருடம் நான் பேசவில்லை. குப்பைத் தொட்டியை வெளியே வைக்கக்கூட அவள் உள்ளே போகும்வரை காத்திருப்பேன்.

விழாவுக்கு முதல் நாள் மதியம், சங்கத்துக்கான செர்ரி கேக் அடுப்பில் இருந்தபோது, 132ஆம் பக்கத்துக்கு வந்தேன். எக்ஹார்ட் தன் புகழைத் தானே பாடிக்கொண்ட அத்தியாயம் அது. "மைதானத்தில் இன்னும் ஓர் அணிக்கே இடமிருந்தது. கைக்கு வந்த மகளிர் படிவத்தை நிறுத்திவைத்து, ஆண்களின் மூன்றாம் அணியைப் பதிவுசெய்த இளம் செயலாளரின் தொலைநோக்கு பாராட்டுக்குரியது."

சொன்ன பொய்யையே மறந்துவிட்டு அதைப் பெருமையாக அச்சடித்திருக்கிறான் பாவி. கேக் கருகிப்போனது.

மறுநாள் காலை கூடாரத்தில் பியரும் பேண்டு வாத்தியமும். ஐம்பது வருட உறுப்பினர்களுக்குத் தங்க நிற பேட்ஜ் குத்தினார்கள். என்னைக் கூப்பிட்டதும் மேடை ஏறினேன்.

"என்ன ஹில்ட்ரூட், கேக்கு எங்க? உன் கேக்கு இல்லாம ஒரு விழாவா?" என்று மைக்கில் இளித்தான் எக்ஹார்ட்.

மைக்கைப் பிடுங்கினேன். "கருகிப்போச்சு. உன் புத்தகத்தைப் படிச்சுக்கிட்டு இருந்தேன்ல!"

132ஆம் பக்கத்தை உரக்க வாசித்தேன். பேண்டு நின்றது.

"அட, அதெல்லாம் பழைய கதை. நல்ல நாள்ல எதுக்கு இது?"

"யோவ், புத்தகம் பூரா பழைய கதைதானய்யா! ஒரு பொண்ணை ஊர் முன்னாடி பொய்க்காரி ஆக்கிட்டு, தொலைநோக்கு வேறயா?"

"சங்கத்தோட நல்லதுக்குத்தானே..."

"இந்தா, பேட்ஜ். உன் மூணாவது அணிக்கே குத்திவிடு."

பெண்கள் எழுந்து கைதட்டினார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைப்பானேன். புத்தகத்தோடு நேராக ஆன்னெக்ரெட் வீட்டுக்குப் போய் மணியடித்தேன். தோட்ட வேலையில் இருந்தாள். கையுறையைக் கழற்றிவிட்டு அந்தப் பக்கத்தை நிதானமாகப் படித்தாள். அழுவாள், கட்டிப்பிடிப்பாள் என்று நின்றுகொண்டிருந்தேன்.

"இதுல புதுசா என்ன இருக்கு?"

"அவன் கையிலதான் கொடுத்திருக்க! அவனே எழுதியிருக்கான், பாரு!"

"கொடுத்தவ நான். எனக்குத் தெரியாதா?" புத்தகத்தை என் கையில் திணித்தாள். "அந்த ஆளு மேல எனக்குக் கோபமே இல்ல ஹில்ட்ரூட். அவன் எனக்கு யாரு? நீ என்கூட ஆடினவ. அன்னிக்கு அவன் இல்லைன்னான், நம்பின. இன்னிக்கு ஆமாங்கறான், நம்பற. நான் சொன்னதை எப்படி நம்பணும்னு உனக்கு இன்னும் தெரியலையேடி."

கதவைச் சாத்தினாள்.