வாசலில் கழற்றிய ஹீல்ஸ்

கிள்ளானில் ரயிலேறியதிலிருந்தே அமுதவள்ளிக்கு இருப்புக்கொள்ளவில்லை. பையைத் திறந்து திறந்து புது ஹீல்ஸைப் பார்த்தாள். நாற்பத்தெட்டு வயதில், உடம்பு இளைக்கவும் கொஞ்சம் தைரியம் வரவும் ஹீல்ஸ் போட்டு ஆடுகிற வகுப்பு! பிரிக்பீல்ட்ஸ் வந்ததும் படியடியிலேயே அதை மாட்டிக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி மாடியேறினாள். அதற்குள் இரண்டு முறை திரும்பிவிடப் பார்த்தாள்.

உள்ளே கண்ணாடிச் சுவருக்கு எதிரே ஏழு பெண்கள் ஹீல்ஸில் நின்றார்கள். சொல்லித்தரும் அஃப்ரின் இவள் காலைப் பார்த்தாள்.

"அக்கா, ஹீல்ஸ் எங்க?"

"வாசல்ல கழட்டிட்டேன்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

"இது ஹீல்ஸ் கிளாஸ் லா, அக்கா! போட்டுட்டு வாங்க."

சலங்கை கட்டிய பத்து வயதில் படிந்த பழக்கம் அது. ஆடுகிற தரையில் செருப்பு ஆகாது. மிதிக்கும் முன் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி மன்னிப்புக் கேட்க வேண்டும்.

அப்படியே ஓடிவிடலாமா என்றிருந்தது. ஆனாலும் மாட்டிக்கொண்டு வந்தாள். கை தானாகத் தரையைத் தேடித் தாழ்ந்தது. குதிகால் தள்ளாடியதில் பாதியிலேயே நின்றது.

மன்னிப்பு! கணவனிடம் கேட்டாயிற்று, மாமியாரிடம் கேட்டாயிற்று. லிஃப்டில் தன்னை இடித்தவனிடம்கூட இவள்தான் சாரி சொன்னாள். இப்போது தரையிடமும் கேட்க வேண்டுமா?

அமுதவள்ளி நிமிர்ந்தாள். பாட்டுப் போடும் முன்பே ஓங்கி ஒரு மிதி மிதித்தாள்.

கண்ணாடி அதிர்ந்தது. யாரிடமும் அவள் சாரி சொல்லவில்லை.