ஒன்பதாவது படத்தின் பின்பக்கம்

பிரேம்காரர் கைபட்ட படத்துக்குள் ஓர் எறும்பு நுழைந்ததாகச் சரித்திரம் கிடையாது. பின்பக்கம் மெல்லிய பலகை வைத்து, ஓரமெல்லாம் பசை தடவி, ஆணியும் அடித்துவிடுவார். இருபத்திரண்டு வருஷமாக அதுதான் அவருடைய பெருமை. அந்தப் பெருமைதான் அன்றைக்கு அவர் காலை வாரிவிட்டது.

ஓவியர் காய்ச்சலில் படுத்திருந்ததால் ஒன்பது படங்களையும் அவள் தம்பிதான் கடையில் இறக்கிவிட்டுப் போனான். ஒன்பதிலும் அவளேதான், ஆளுயரத்துக்கு. சரிந்த வயிறு, ஆபரேஷன் தழும்பு, வெடித்த குதிகால், எதையும் மறைக்கவில்லை. தன்னையே இப்படிப் பார்க்க எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று பிரேம்காரர் வாயைப் பிளந்தார். பின்பக்கம் திட்டுத்திட்டாக நிறங்கள் இருந்தன. தூரிகையைத் துடைத்திருப்பாள் என்று நினைத்துப் பலகை வைத்து மூடிவிட்டார், மகராசன்.

கண்காட்சி மாலை ஐந்து மணிக்கு. மதியம், பிரேம்காரர் படங்களைக் கொண்டுவந்து வைத்திருந்த கூடத்துக்கு வந்த ஓவியர் ஒரு படத்தைத் திருப்பிப் பார்த்ததும் முகம் வெளிறிப்போனாள்.

"அண்ணே, முன்னாடி உடம்பு, பின்னாடி மனசு. ரெண்டு பக்கமும் தெரியற மாதிரி கம்பியில தொங்கவிடணும். தம்பி சொல்லலையா?"

"எறக்கி வச்சதும் பறந்துட்டான்மா."

இரண்டு வருஷ உழைப்பு. பிரேம்காரர், தான் அடித்த ஆணிகளைத் தானே பிடுங்க உட்கார்ந்தார். எட்டுப் பலகைகள் சேதமில்லாமல் வந்தன. திறக்கத் திறக்க ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். முன்னால் தழும்பு இருந்த இடத்துக்கு நேர் பின்னால் இளமஞ்சள் பரவிக் கிடந்தது. வலித்த இடத்திலெல்லாம் இவள் வெளிச்சத்தை வைத்திருக்கிறாளே!

ஒன்பதாவதில் நிறம் விளிம்புவரை தடிப்பாக இருந்தது. பலகையோடு ஒரு சாண் பெயிண்ட் உரிந்து வந்துவிட்டது.

"என்னை என்ன வேணும்னாலும் திட்டும்மா."

அவள் திட்டவில்லை. பையைத் திறந்து, டியூபைப் பிதுக்கி, அங்கேயே வரைய ஆரம்பித்தாள். காய்ச்சல் விட்டு ஒரு நாள்கூட ஆகாத உடம்பு. அரைமணி நேரம் அந்தக் கை ஓயவே இல்லை. இப்படி ஒரு மனுஷியை அவர் பார்த்ததே இல்லை.

"இது நீலமாத்தானேம்மா இருந்துச்சு? இப்ப சிவப்பா இருக்கே."

"பழைய மனசு உரிஞ்சு போச்சு. இப்ப இருக்கறதத்தானே போட முடியும்? அந்தச் சிவப்பு, உங்க மேல வந்த கோவம்."

அவர் தலையைத் தொங்கப்போட்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான், சிவப்பின் குறுக்கே ஓடிய மெல்லிய வெள்ளைக் கோட்டைக் கவனித்தார்.

"அப்ப இது?"

"பலகையைப் பிரிக்கும்போது உங்க கை நடுங்குச்சே அண்ணே, அது."

பிரேம்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது. ஐந்து மணிக்குக் கூட்டம் வந்தபோது, கம்பியைச் சரிபார்க்கிற சாக்கில், அந்தப் படத்தின் பின்பக்கத்தை விட்டு அவர் நகரவே இல்லை.