வெஸ்னாவுக்காகப் பார்த்த நிகழ்ச்சி

ஞாயிறு மத்தியானம் மேல்மாடி வெஸ்னா எங்கள் கதவைத் தட்டி, தன் வீட்டுக்கு வந்து தொலைக்காட்சி பார்க்க முடியுமா என்று கேட்டாள். பெல்கிராட்டிலிருந்து வரும் அரசியல் உரையாடல். எதிர்க்கட்சிக்காரர் ஒருவரோடு, போராடும் மாணவர்கள் சார்பில் அவளுடைய மகள் யெலேனாவும் பேசப்போகிறாள். 'எல்லாவற்றையும் விட்டுவிட்டு இங்கே ஜெர்மனிக்கு, கொலோனுக்கு வா' என்று இவள் கத்திய நாளிலிருந்து மகள் போன் எடுப்பதில்லை. பிள்ளை எதையாவது சொல்லி மாட்டிக்கொள்வாளோ என்ற பயத்தில் வெஸ்னாவால் பார்க்கவும் முடியாது, பார்க்காமல் இருக்கவும் முடியாது. அதனால் நான் பார்த்துச் சொல்லவேண்டும்.

எனக்குச் செர்பிய மொழியில் 'நன்றி' மட்டும்தான் தெரியும். மொழி தெரிந்தவர்களைக் கூப்பிட்டால் கட்சி பிரிந்து சண்டை பிடிப்பார்கள் என்றாள். தமிழ்ச் சங்கத்தில் இருந்தவனுக்கு இது விளங்காதா?

"உங்களுக்குத் தமிழிலை சொன்னாலே அரசியல் விளங்காது. போயிட்டு வாங்கோ," என்று என் மனைவி புஸ்பவதி ஒரு தட்டு மீன் ரோல்ஸ் தந்துவிட்டாள்.

வெஸ்னா சிகரெட்டோடு பல்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் தேர்தல் கண்காணிப்பாளரைப் போல சோபாவில் அமர்ந்தேன். எங்கள் ஆட்களின் விவாதங்களைச் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்த்துப் பழகியவன் நான். யார் வெல்கிறார் என்பதை முகங்களே சொல்லிவிடும். எதிர்க்கட்சிக்காரர் மேசையைத் தட்டித் தட்டி நீளமாகப் பேசினார். பிறகு யெலேனா. முகத்தில் தாயின் அதே நாடி. நெறியாளர் பேச்சின் குறுக்கே விழுந்தார். அவள் குரலை உயர்த்தவில்லை. ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். நெறியாளர் தன் தாள்களை அடுக்கத் தொடங்கினார். கேள்வி தீர்ந்தவர்கள் எல்லா மொழியிலும் செய்வது அதைத்தான்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து வெஸ்னா புருவத்தை உயர்த்தினாள். பிரமாதம் என்பதற்கு, நம் வழக்கப்படி தலையை இரண்டு பக்கமும் ஆட்டினேன். உற்சாகத்தில் கொஞ்சம் கூடவே ஆட்டிவிட்டேன்.

சிகரெட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "என்ன செய்துபோட்டாள்?" என்று ஜெர்மனில் கத்தினாள்.

"ஒண்டுமில்லை. நாங்கள் 'ஓம்' சொல்லிறது இப்பிடித்தான்."

அவள் என்னைத் திட்டிய சொல் 'நன்றி' இல்லை. அதற்குள் அவள் கண் திரைக்குப் போய்விட்டது. திரும்பிப் பல்கனிக்குப் போக முடியவில்லை. மெதுவாக என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நெறியாளர் ஏதோ கேட்க, யெலேனா சிரித்தாள்.

என்னவாம் என்றேன். வெஸ்னா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"பயமில்லையா எண்டு கேக்கிறார். 'அம்மா எங்கையோ இருந்து பாத்துக்கொண்டிருப்பா, அதாலை முதுகு கூனாமல் இருக்கிறன்' எண்டு சொல்லிறாள்."

சொல்லி முடித்ததும் வெஸ்னா முதுகை நிமிர்த்திக்கொண்டாள். கடிக்க எடுத்த ரோல்ஸ் கையில் இருக்க, யாரும் சொல்லாமலே நானும் நிமிர்ந்தேன்.